அந்தப் படத்தில் மாப்பிள்ளை இல்லை

வடக்கனந்தல் கடைத்தெருவில், உச்சி வெயிலில், ஒரு பிளக்ஸ் பேனருக்கு எதிரே நின்று என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை செல்வியின் மகள் யாழினிக்குக் காதணி விழா. பேனரின் நடுவே யாழினி ஓர் அன்னப்பறவையின் முதுகில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பனிமலை. காலமான பெரியவர்கள் மேலே மேகங்களில் இருந்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் கீழே, தாமரை இதழுக்கு ஒருவராக, கட்டைவிரல் அகல முகங்களாக வரிசை கட்டியிருந்தார்கள். எல்லோரும் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு.

வலது ஓரத்தில் ‘தாய்மாமன்’ என்று எழுதிய பெரிய வட்டம். அதற்குள் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். வட்டத்துக்குள் இருந்தவர் நான் இல்லை.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் என்னை வெகுநேரம் கவனித்திருக்க வேண்டும்.

“இன்னா சார், ரொம்ப நேரமா பாத்துக்கினே நிக்கிறீங்க?”

“ஒருத்தரைத் தேடுறேன்.”

“யாரு?”

“நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“பொண்ணு வூட்டு சைடா, புள்ள வூட்டு சைடா?”

“பொண்ணு வீடு.”

“அப்ப எடது பக்கம் மூணாவது வரிசைல பாருங்க. சித்தப்பா, பெரியப்பா மொறைங்கல்லாம் அங்கதான் போடுவாங்க. அதுல இல்லன்னா கடைசில ‘நண்பர்கள்’னு ஒண்ணு இருக்கும். அதுலயும் இல்லன்னா கம்பத்துக்குப் பின்னால மடிஞ்சி போயிருக்கும். நீங்க இன்னா மொறை?”

“தாய்மாமன்.”

அவர் வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வட்டத்தைப் பார்த்தார்.

“டீ போடட்டுங்களா?” என்றார்.

டீ சூடாக இருந்தது. போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியிருந்த கடைவாய்ப் பல் அதைக் கண்டித்தது. பல்லை நலம் விசாரித்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி. பிடுங்கிவிடச் சொன்ன பெரும்பான்மையினருக்கும்.

பேனரிலிருந்து நான் காணாமல் போனதற்குக் காரணம், நான் எழுதிய ஒரு புத்தகம். என் எழுத்தால் ஒரு மனிதர் பாதிக்கப்பட்டதாக எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அதுவும் குழந்தைகளுக்காக எழுதியது.

பட்டாணி பிறந்த கதை

சிரிப்பாக எழுதுகிறவன் குழந்தைகளுக்கும் எழுதுவான் என்று பதிப்பாளர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முடி வெட்டுகிறவர் கூடவே காதையும் கவனித்துக்கொள்வார் என்பது மாதிரி. ஒரு பதிப்பாளர் கூப்பிட்டு, “சார், ஒரு படப் புத்தகம். நம்ம ஊர்க் கூட்டத்துல ஒரு ஆள ஒளிச்சி வெக்கணும். புள்ளைங்க தேடணும். எழுத்து கம்மிதான்” என்றார். எழுத்து கம்மி என்றதும் ஒப்புக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு வருகிற எல்லா வாய்ப்புகளிலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்படிப் பிறந்தவன் பட்டாணி. பச்சைக் குல்லா, தோளில் ஒரு கரும்பு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம், சங்கராபுரம் சந்தை, மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா, கல்வராயன் மலை அருவி என்று பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறி, ஜனத்திரளில் எங்காவது ஒளிந்துகொள்வான். எங்கள் பக்கம் பாதிப் பேர் தோளில் கரும்பு இருக்கும் என்பதால் அவனைக் கண்டுபிடிப்பது எளிதில்லை.

படம் போட்டவர் ஜெயபால். கள்ளக்குறிச்சியில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவர். மாடு வரைந்தால் மாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் மனிதக் கூட்டம் என்றால் அவர் கைக்கு ஒரே ஒரு முகம்தான் வந்தது. அவர் வரைந்த முதல் பேருந்து நிலையத்தில் நடத்துனர், பயணி, பூக்காரம்மா, போலீஸ்காரர் எல்லோருக்கும் அதே மூக்கு. ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

“நெசமான மூஞ்சிங்க வேணும் சார். போட்டோ கெடைச்சா அள்ளிடுவேன்” என்றார்.

தெருவில் போகிறவர்களிடம் முகம் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. வீட்டு அலமாரியில் செல்வியின் கல்யாண ஆல்பம் இருந்தது. நான்கு கல்யாணத்துக்குப் போதுமான கனம். பந்தியில் இலைக்கு முன்னால், மேடையில் பரிசுப் பொட்டலத்தோடு, மொய் எழுதும் மேசையைச் சுற்றி என்று வடக்கனந்தலும் எங்கள் சொந்தமும் மொத்தமாக அதில் இருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜெயபால் புரட்டிப் பார்த்துவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “மாப்ள, பொண்ணு வரட்டுங்களா?”

“அவங்கள விட்டுடுங்க. மாலையும் கழுத்துமா சந்தையில நின்னா நல்லா இருக்காது.”

இதைவிடப் பொறுப்பாக நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

சலூன் வட்டங்கள்

கொஞ்சம் பின்னால் போகிறேன். முன்னால் போவதற்கு அவ்வளவு அவசரம் எதுவும் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருமுனை சலூனில் பழைய வார இதழ்கள் கிடக்கும். கதைகளை யாரும் தொடமாட்டார்கள். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பிரிப்பது புதிர்ப்படப் பக்கத்தை. ஒரு பெரிய மரம் இருக்கும். வேடன் ஒருவன் நெற்றியில் கைவைத்துத் தேடிக்கொண்டிருப்பான். ‘வேடனின் மனைவி எங்கே ஒளிந்திருக்கிறாள்?’ என்று கேட்டிருக்கும்.

ஆசையாகப் பிரித்தால், கிளைகளுக்கு நடுவே நீல மையில் ஒரு வட்டம். எனக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டுபோன எவனோ அவளைக் கண்டுபிடித்திருப்பான். கண்டுபிடித்ததோடு நிற்காமல் வட்டமும் போட்டிருப்பான். எல்லா இதழ்களிலும் அதே நீல மை. நான் சிறுவயதில் உண்மையிலேயே வெறுத்த மனிதர் அவர் ஒருவர்தான், முகம் தெரியாமலே. இன்றைக்கும் யாராவது கதையின் முடிவைச் சொல்லிவிட்டால் அந்த மையின் நிறம்தான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் ஒரு தடவை நானே தொலைந்துபோனேன். மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில், பெண்ணையாற்று மணலில், பொரிக்கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே எங்கேயோ. மைக்கில் அறிவித்தார்கள்: ‘கால்சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, அழுதுகொண்டிருக்கும் சிறுவன்.’ அந்த வருணனைக்கு ஆற்றங்கரையில் பாதிக் கூட்டம் பொருந்தியது. என் அப்பா கொஞ்ச நேரம் வேறொரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பையனும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

இந்த மாதிரிப் புத்தகங்கள் ஏன் அலுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று பதிப்பாளர் என்னை முன்னுரை எழுதச் சொன்னபோது எனக்கு அந்த ஆற்று மணல்தான் நினைவுக்கு வந்தது. நிஜக் கூட்டத்தில் நாம் தேடுகிற ஆள் வராமலே இருந்திருக்கலாம். முந்தின பஸ்ஸில் போயிருக்கலாம். புத்தகத்தில் அப்படி இல்லை. ‘இவன் இந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்கிறான்’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. உலகத்தில் வேறு யாரும் இப்படிப்பட்ட உத்தரவாதம் தருவதில்லை. இன்வெர்ட்டர் கம்பெனிக்காரன்கூட.

முன்னுரையைப் பதிப்பாளர் போடவில்லை. எழுத்து கம்மி என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

யாழினியை வைத்துத்தான் மீதியைப் புரிந்துகொண்டேன். புத்தகம் வந்த வாரமே எல்லாப் பக்கத்திலும் பட்டாணியைக் கண்டுபிடித்துவிட்டாள். இடம் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடுவாள். விரலை வேண்டுமென்றே தப்பான இடங்களில் எல்லாம் ஊர்வலம் விட்டு, “இங்க இல்ல, இங்க இல்ல” என்று பெருமூச்சு விட்டு, கடைசியில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் பச்சைக் குல்லாவைத் தொட்டதும் நிஜமாகவே கத்துவாள். இருக்கிற இடத்தில் அவன் இன்னமும் இருக்கிறான் என்பதுதான் சந்தோஷம்.

“மாமா, இப்ப நீ தேடு” என்பாள். எனக்குக் கண்ணாடியின் பவர் மாற்ற வேண்டிய நிலை. நிஜமாகவே தெரியாது. நான் தடுமாறத் தடுமாற அவளுக்கு உற்சாகம். “நீதான் நல்லா தேடற மாமா. அப்பா ஒடனே கண்டுபுடிச்சிடறாரு” என்று சான்றிதழ் கொடுத்தாள். எனக்கு இதுவரை கிடைத்த ஒரே விருது.

இந்தக் குழந்தையைத்தான் நான் மடியில் வைத்துக் காது குத்த வேண்டியது.

ஊர் தேடிய ஆள்

பெரியவர்கள் தேடிய விதம் வேறு. வடக்கனந்தலில் பட்டாணியை ஒருவரும் தேடவில்லை.

முதல் பிரதியைச் செல்வியின் கணவர் முருகேசன்தான் டீக்கடைக்குக் கொண்டுபோனார். கரும்பு விவசாயி. நல்ல உயரம், குறைந்த பேச்சு. மச்சான் புத்தகம் போட்டிருக்கிறார் என்ற பெருமை அவருக்கு. எவனோ ஒருவன் சந்தைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “டேய், இது நம்ம தலையாரி இல்ல?” என்றிருக்கிறான். அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் புத்தகம் கை மாறி மாறி எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. “தோ நான்! வெத்தல பாக்குக் கடைல!” “எங்க அத்த பாருடா, பஸ்ஸு படில தொங்கிக்கினு போறா.” “எனுக்கு ஏன்டா இவ்ளோ தொப்ப?” எங்கள் ஊர்களில் பேனர் பார்த்துப் பழகிய கண்கள். கூட்டத்தைக் கண்டால் முதலில் நாம் இருக்கிறோமா, அடுத்து நமக்கு ஆகாதவன் எங்கே இருக்கிறான், அவன் முகம் நம்முடையதைவிடப் பெரிதா என்று மூன்றே பார்வையில் முடித்துவிடுவார்கள்.

ஜெயபால் வஞ்சனை இல்லாமல் வரைந்திருந்தார். முருகேசனோடு வரப்புத் தகராறு செய்துகொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர், தகராறுக்கு முந்திய காலத்தில் கல்யாணத்துக்கு வந்து ஆல்பத்தில் விழுந்திருந்தார். அவர் சங்கராபுரம் சந்தையின் நட்டநடுவில், ராஜா மாதிரி உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார் என்று கேள்வி.

“முருகேசா, உன்ன எங்க காணம்?”

“இன்னும் சரியா பாக்கலபா. கரும்பு வெட்டு நடந்துக்கினு இருக்கு.”

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் சாயங்காலம் நிலத்திலிருந்து வந்ததும், முகம் கழுவி, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார் என்று செல்வி போனில் சொன்னாள். “பரிச்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறாருண்ணா. எந்தப் பக்கம்னு சொல்லிடேன்.”

எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பக்கமும் இல்லை.

முதுகு

நேரில் போய்ப் பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். என் மனைவி தடுத்தாள். “நீங்க பேசித் தீர்த்த விஷயம் ஒண்ணாவது சொல்லுங்க” என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முருகேசன் டிராக்டர் கொட்டகையில் இருந்தார். செல்வி காபி கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றாள். புத்தகம் கயிற்றுக் கட்டிலின்மேல் விரித்தபடி இருந்தது.

“வாங்க மச்சான்” என்றார். புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசியில், “என்ன எங்க வெச்சிருக்கீங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்கு உண்மை என்று ஒரு பதில் இருந்தது. மாலையும் கழுத்துமாக இருந்தீர்கள் மாப்பிள்ளை, மரியாதைக்காக விட்டோம். சொல்லியிருக்கலாம். ஆனால் நகைச்சுவை எழுதுகிறவனிடம் எப்போதும் உண்மையைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கும். மலை அருவிப் பக்கத்தைத் திருப்பினேன். ஓரமாக ஓர் ஆள் நமக்கு முதுகைக் காட்டி, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தோ. இது நீங்கதான்.”

அவர் குனிந்து பார்த்தார்.

“முதுகு தெரியுது.”

“இயற்கையை ரசிக்கிறீங்க.”

“நான் எப்ப மச்சான் இயற்கைய ரசிச்சேன்?”

“படத்துலயாவது ரசிக்கட்டுமேன்னு...”

“இது என் முதுகு மாதிரி இல்லீங்களே.”

“யாருக்கு மாப்ள அவங்கவங்க முதுகு தெரியும்?”

அவருக்கு இது நியாயமாகப் பட்டது. முகம் கொஞ்சம் இளகியது. நான் தப்பித்தேன் என்று நினைத்தபோது அவர் தூண் பக்கம் திரும்பினார். “செல்வி, நீ சொல்லு. உனுக்குத் தெரியுமில்ல? இது நானா?”

செல்வி வந்து புத்தகத்தை எடுத்தாள். கண்ணால் கெஞ்சினேன். என்னைவிட வெகு இளையவள், தூக்கி வளர்த்திருக்கிறேன். அவள் படத்தைப் பார்த்தாள், கணவரின் தோளைப் பார்த்தாள்.

“இது நீங்க இல்ல” என்றாள்.

கட்டிலில் புத்தகத்தை வைத்துவிட்டு, காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பொய் வராது. எங்கள் வீட்டில் பொய் முழுவதும் மூத்த பிள்ளைக்கே போய்விட்டது.

“அடுத்த பதிப்புல முன்பக்கமே போட்டுடறோம் மாப்ள” என்றேன்.

“அடுத்த பதிப்பு எப்ப வரும்?”

“இது வித்து முடிஞ்சதும்.”

“எப்ப முடியும்?”

எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவர் எழுந்து டிராக்டருக்கு டீசல் ஊற்றப் போனார். “ஊரே இருக்கு மச்சான். அந்தப் பஜ்ஜி தின்றவன்கூட இருக்கான்” என்று டேங்க்கிடம் சொன்னார். “வூட்டு மாப்ள ஒருத்தன்தான் இல்ல. சரி, வுடுங்க.”

எங்கள் பக்கத்தில் ‘சரி, வுடுங்க’ என்று ஒருவர் சொன்னால் விடவில்லை என்று பொருள்.

பேனருக்குத் திரும்புவோம்

விட்டிருக்கவில்லை. காதணி விழா பேனர், ஜெயபால் கடையில்தான் அச்சானது. முருகேசன் வாட்ஸ்அப்பில் புகைப்படங்களை அனுப்பியிருக்கிறார். தாய்மாமன் வட்டத்துக்கு என் பெரியப்பா மகன் ரவி. சங்கராபுரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். குளிர்கண்ணாடி அவன் சொந்தம்.

ஜெயபால் என்னைப் போனில் கூப்பிட்டுக் குசுகுசுத்தார். “நான் இன்னா சார் பண்றது? ‘உங்க மச்சான் போட்டோ வரலியே’ன்னு கேட்டேன். ‘ஜாகா இல்ல’ன்னுட்டாரு. மனசு கேக்கல சார். யாருக்கும் தெரியாம உங்கள ஒரு எடத்துல வெச்சிருக்கேன். நல்லா பாருங்க, இருப்பீங்க.”

அதனால்தான் வெயிலில் அந்தத் தேடல். டீக்கடைக்காரர் வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். இருக்கிறேன் என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார், இருந்தாக வேண்டும். கண்டுபிடித்தது டீக்கடைக்காரர்தான்.

“சார், இந்த வழுக்க உங்களுதா பாருங்க.”

ரவியின் வட்டத்துக்கு அடியில் சாமந்தி மாலை ஒன்று தொங்கியது. அதன் பூக்களுக்கு நடுவே ஒரு நெற்றி. அதற்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடியின் பாதி. மூக்கிலிருந்து எல்லாம் பூ.

“என்னுதுதான்” என்றேன்.

“இருக்கீங்க இல்ல? அது போதும் சார். இல்லாதவங்க எத்தினி பேரு” என்றார். உண்மையாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

அன்று மாலை செல்வி கூப்பிட்டாள். “நீ வந்துடுண்ணா. யாழினி ‘மாமா மடில தான் ஒக்காருவேன்’னுக்கினு இருக்கு. அவர நான் பாத்துக்கறேன்.”

“எப்படிப் பாத்துக்குவே?”

“வா, சொல்றேன்” என்றாள்.

மலையடிவாரத்தில்

வெள்ளிமலைக்கு ஏறும் சாலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது முருகேசன் வீட்டுக் குலதெய்வம் கோயில். அம்மன். புளியமரங்கள். பின்னால் கல்வராயன் மலை, மழைக்கு முந்தின புழுக்கத்தோடு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

தாய்மாமன் சீர் வரிசையோடு நான் போனேன். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, சின்னத் தோடு. ரவியும் தட்டுகளோடு வந்திருந்தான். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மாமன்கள் வந்து இறங்கியதும் புளியமர நிழலில் இருந்தவர்கள் யார் தட்டு அதிகம் என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

ரவி என்னை ஓரமாக இழுத்தான். பட்டுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “நீயே ஒக்காருண்ணா. எனுக்குக் கொழந்த அழுதா கையி நடுங்கும். முருகேசன் மொறைக்கிறாரு, நான் இன்னா பண்ணட்டும்?”

யாழினிக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, கூட்டிவந்தார்கள். காது குத்தும் பத்தர் மணையைப் போட்டு, தங்கக் கம்பியைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “தாய்மாமன் வந்து ஒக்காருங்க.”

ஒரே சமயத்தில் நான் ஓர் அடி முன்னால் போனேன். முருகேசன், “ரவி ஒக்காரட்டும்” என்றார். ரவி ஓர் அடி பின்னால் போனான்.

“மாப்ள, ஒரு படத்துக்காகவா?” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்து மேளம் நின்றிருந்தது.

“படம் இல்லீங்க மச்சான்” என்றார் முருகேசன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. “இத்தினி நாளு நிலத்துல இருந்து வந்து, தெனம் ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். ஊர்ல இருக்கறவன் எல்லாம் இருக்கான். உங்க கண்ணுக்கு நான் ஒரு ஆளாவே தெரியல இல்ல?”

“மரியாதைக்காகத்தான் மாப்ள விட்டோம். மாலையோட சந்தையில...”

“அப்ப முதுகக் காமிச்சி ஏன் ஏமாத்துனீங்க?”

அவரிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. சுற்றி நின்றவர்கள் இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்தார்கள். மொட்டைத் தலையோடு யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“நான் எங்க இருக்கேன்?”

செல்விதான் கேட்டாள். சண்டைக் குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்.

“அந்தப் புக்குல நான் எங்க இருக்கேன்? அண்ணா, நீ எழுதுன புக்கு. நீ சொல்லு.”

நான் முருகேசனைப் பார்த்தேன்.

“ஏங்க, நீங்க தெனம் பாத்தீங்களே. ஒவ்வொரு மூஞ்சியா. நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?”

முருகேசன் என்னைப் பார்த்தார். அவர் மனதுக்குள் பக்கங்களைத் திருப்புவது தெரிந்தது. பேருந்து நிலையம், சந்தை, ஆறு, அருவி. நானும் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாண ஆல்பத்தில் அவர் பக்கத்தில், எல்லாப் பக்கங்களிலும், மாலையோடு நின்றவள் அவள்தான். நாங்கள் இருவரும் இத்தனை வாரங்கள் ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

“மொத நாளே பாத்துட்டேன், நான் இல்லன்னு. யாராவது கேக்கறீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்” என்றாள் செல்வி.

பிறகு புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து மணையில் உட்கார்ந்தாள். யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

முருகேசனின் பெரியம்மா பதறினார். “தாய்மாமன் மடிதான்மா மொற.”

“மொறதான் பெரிம்மா. ரெண்டு பேரும் தேடி முடிச்சிட்டு வரட்டும்.” பத்தர் பக்கம் திரும்பினாள். “நீங்க குத்துங்க.”

பத்தர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு கணம் அம்மனைப் பார்த்தார். அப்புறம் குனிந்துவிட்டார். மேளம் வேகமெடுத்தது. பெண்கள் நெருக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். செல்ஃபோன்கள் உயர்ந்தன. நானும் முருகேசனும் எப்படி வெளியே வந்தோம் என்று தெரியவில்லை, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். ரவியைக் காணவில்லை.

யாழினி வீறிட்டாள்.

எனக்கு முன்னால் முழுக்கத் தலைகள். எக்கிப் பார்த்தேன். முருகேசன் என்னைவிட உயரம்.

“ஒரு காது ஆயிடுச்சி” என்றார், முன்னால் பார்த்தபடி.

“எனக்கு ஒண்ணும் தெரியல மாப்ள.”

“இப்புடி வாங்க.”

என் தோளைப் பிடித்து, இரண்டு முதுகுகளுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளிக்கு இழுத்து நிறுத்தினார். அவர் கை தோளிலேயே இருந்தது. இடைவெளியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலை தெரிந்தது. அதை அசையாமல் அழுத்திப் பிடித்திருந்த, மருதாணி வைத்த ஒரு கை தெரிந்தது.

“அது அழுவுதா?” என்று கேட்டார் முருகேசன். அவர் கேட்டது குழந்தையைப் பற்றி இல்லை.

“தெரியல மாப்ள” என்றேன். செல்வியின் முகம் தெரிய வேண்டிய இடத்தில் யாருடைய தோளோ மறைத்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார், நான் ஒரு பக்கம் சாய்ந்தேன்.